நாடிழந்தும் நிலைத்த கட்சி: ஆர்மீனியாவின் தாஷ்னாக் இயக்கம்

அரசியல் கட்சி என்பது ஒரு நாட்டினுள் தோன்றி, அந்நாட்டின் ஆட்சியைப் பெற முயல்வதே உலக வழக்கம். ஆனால், தனக்கென நாடே இல்லாத காலத்தில் தோன்றி, நாடு கிடைத்த ஈராண்டரையில் அதனை இழந்து, எழுபதாண்டுகள் அயல் மண்ணிலே வாழ்ந்து, மீண்டும் தாயகம் புகுந்த கட்சி ஒன்று உண்டு. அதுவே தாஷ்னாக் என வழங்கப்பெறும் ஆர்மேனியப் புரட்சிக் கூட்டமைப்பு. அது தலைமையேற்று ஆண்ட காலம் சிறிது. எதிர்த்து நின்ற காலமே பெரிது.

தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்மேனிய மக்கள் உதுமானியப் பேரரசிலும் உருசியப் பேரரசிலும் பாரசீகத்திலுமாகப் பிரிந்து கிடந்தனர். ஆயினும், குடியாட்சி பற்றிய கனவு அவர்களிடம் முன்னரே அரும்பியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சென்னையில் வாழ்ந்த ஷகாமிர் ஷகாமிரியன் என்னும் ஆர்மேனிய வணிகர், விடுதலை பெறும் ஆர்மீனியாவுக்கென ஓர் அரசியலமைப்பையே வரைந்து அச்சிட்டார். உலகின் முதல் ஆர்மேனிய இதழான அஸ்தராரர் 1794-இல் வெளிவந்ததும் அதே சென்னையில்தான்.

கனவு இயக்கமாக மாறுவதற்கு ஏமாற்றம் ஒன்று தேவைப்பட்டது. 1878-ஆம் ஆண்டு பெர்லின் உடன்படிக்கையின் 61-ஆம் விதி, உதுமானிய நாட்டு ஆர்மேனியருக்குச் சீர்திருத்தங்களை உறுதியளித்தது. அவ்வுறுதி ஏட்டளவிலேயே நின்றது. ஐரோப்பிய வல்லரசுகளை நம்பிப் பயனில்லை என உணர்ந்த இளைஞர்கள் அமைப்புகளைத் தோற்றுவித்தனர். 1887-இல் ஜெனீவாவில் ஹுன்சாக் கட்சி எழுந்தது. 1890-இல் கிறிஸ்தாபோர் மிக்காயேலியன், ஸ்டெபான் சோரியன், சீமோன் சவாரியன் ஆகிய மூவரும் டிப்லிஸ் நகரில் சிதறிய குழுக்களை ஒருங்கிணைக்க முற்பட்டனர். தாஷ்னாக் கட்சி அவ்வாறு பிறந்தது. ஹுன்சாக் கட்சி சில காலம் இணைந்திருந்து விலகிற்று. 1892-இல் கூடிய முதல் பேரவை கொள்கைத் திட்டத்தை வகுத்தது. ஒவ்வொரு பகுதிக் குழுவும் தன் சூழலுக்கேற்பச் செயற்படலாம் என்னும் அதிகாரப் பரவல், கட்சியின் அடிப்படை நெறியாயிற்று. பின்னாளில் அது பல நாடுகளில் வேரூன்றி வாழ இந்நெறியே துணை புரிந்தது.

வாளும் கொள்கையும்

தொடக்கத்தில் கட்சி ஆயுதத்தை நம்பியது. 1896 ஆகஸ்ட் 26-ஆம் நாள் அதன் உறுப்பினர்கள் கான்ஸ்டான்டிநோபிளில் உதுமானிய வங்கியைக் கைப்பற்றினர். உலகின் கவனத்தை ஈர்ப்பதே நோக்கம். கவனம் கிட்டியது, வங்கியுள் இருந்தவர்களில் உயிர்பிழைத்தோர் நாட்டைவிட்டு வெளியேற அனுமதிக்கப்பட்டனர். ஆனால், அந்நகரில் ஒரு பாவமும் அறியாத ஆர்மேனியர் ஆயிரக்கணக்கில் படுகொலை செய்யப்பட்டனர். சிலர் துணிந்து செய்யும் செயலின் விலையைப் பலர் கொடுக்க நேருமோ என்னும் வினா அன்றே எழுந்தது. அவ்வினா கட்சியை விட்டு என்றும் அகலவில்லை.

1907-இல் வியன்னாவில் கூடிய பேரவை சமதருமத்தை ஏற்றது. அனைத்துலகச் சமதரும அமைப்பிலும் கட்சி இடம்பெற்றது. அக்காலத்தில் அது முழு விடுதலையைக் கேட்கவில்லை என்பது கருதத்தக்கது. இரு பேரரசுகளுக்குள்ளும் கூட்டாட்சி அடிப்படையில் தன்னாட்சி என்பதே அதன் கோரிக்கை. 1908-இல் இளந்துருக்கியர் அரசியலமைப்பை மீட்டபோது கட்சி அவர்களோடு ஒத்துழைத்தது. அவ்வொத்துழைப்பு நீடிக்கவில்லை. 1915 ஏப்ரல் 24-ஆம் நாள் தொடங்கிய கைதுகளும், அதனைத் தொடர்ந்த நாடு கடத்தலும் இனப்படுகொலையும், உதுமானிய ஆர்மேனிய சமுதாயத்தையே அழித்தன.

ஈராண்டரை ஆட்சி

உருசியப் பேரரசு சிதைந்தபின், 1918 மே 28-இல் ஆர்மீனியக் குடியரசு மலர்ந்தது. அகதிகளும் பஞ்சமும் நச்சுக்காய்ச்சலுமே அதன் முதற்செல்வம். குடியரசின் தூண்களுள் ஒருவரான அராம் மனுக்கியான் 1919 சனவரியில் அக்காய்ச்சலுக்கே இரையானார். அவ்வாண்டு சூனில் நடந்த தேர்தலில் பெண்களும் வாக்களித்தனர். மூன்று பெண்கள் நாடாளுமன்றம் புகுந்தனர். மொத்தம் 80 இடங்களில் 72 தாஷ்னாக் கட்சிக்குக் கிட்டின.

1920 ஆகஸ்டில் கையெழுத்தான செவ்ர் உடன்படிக்கை பரந்த நிலப்பரப்பை ஆர்மீனியாவுக்கு வழங்கியது. அந்நிலத்தைக் காக்க எந்த வல்லரசும் படை அனுப்பவில்லை. அக்டோபரில் கார்ஸ் கோட்டை துருக்கியரிடம் வீழ்ந்தது. டிசம்பர் 2-ஆம் நாள் ஆட்சி சோவியத்து ஆதரவாளர் கைக்கு மாறியது. 1921 பிப்ரவரியில் கட்சி நடத்திய எழுச்சியும் ஏப்ரல் தொடக்கத்தில் அடங்கிற்று.

குடியரசின் முதற் பிரதமரான ஹோவ்ஹான்னஸ் கஜஸ்னூனி, 1923-இல் புக்காரெஸ்டில் கூடிய கட்சி மாநாட்டிற்கு அறிக்கை ஒன்றை அளித்தார். கட்சி தன் வலிமையையும் பிறர் வாக்குறுதிகளையும் மிகையாக மதித்தது. இனி அது செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது அவர் முடிபு. கட்சி அதனை ஏற்கவில்லை. அவர் விலகிச் சோவியத்து ஆர்மீனியாவுக்குத் திரும்பினார். ஸ்டாலின் காலக் களையெடுப்பில் 1938-இல் சிறையில் மாண்டார். அவர் நம்பிச் சென்ற இடமும் அவரைக் காக்கவில்லை.

புலம்பெயர் வாழ்வு

நாடிழந்த கட்சி மொழியைப் பற்றிக்கொண்டது. 1928-இல் கெய்ரோவில், கட்சித் தொடர்புடைய எழுத்தாளர் லெவோன் ஷாந்த், கல்வியாளர் நிகோல் அக்பாலியன் முதலியோர் ஹமஸ்காயின் என்னும் கல்வி பண்பாட்டுக் கழகத்தை நிறுவினர். 1930-இல் பெய்ரூட்டில் அக்கழகத்தின் பள்ளி எழுந்தது. அனாதை இல்லங்களில் வளர்ந்த தலைமுறைக்குத் தாய்மொழியைத் திருப்பித் தந்தவை இத்தகைய பள்ளிகளே.

ஆயினும், அயல் மண்ணில் பிளவும் வளர்ந்தது. சோவியத்து ஆர்மீனியாவை ஏற்போர், எதிர்ப்போர் என ஆர்மேனியர் இரண்டுபட்டனர். 1933 டிசம்பர் 24-இல் நியூயார்க் தேவாலயத்தில் பேராயர் தூரியன் கொல்லப்பட்டார். கட்சியைச் சார்ந்த ஒன்பதின்மர் தண்டிக்கப்பட்டனர். திருச்சபையும் பிளவுண்டது.

தாயகம் திரும்பிய பின்

1991-இல் ஆர்மீனியா மீண்டும் விடுதலை பெற்றது. அயல்நாடுகளோடு இயல்பான உறவே சிறு நாட்டைக் காக்கும் என்றார் முதல் குடியரசுத் தலைவர் டெர் பெட்ரோசியான். வரலாற்று நீதியை விட்டுக்கொடுத்துப் பெறும் உறவு பாதுகாப்பாகாது என்றது தாஷ்னாக் கட்சி. 1994 டிசம்பர் 28-இல், கட்சிக்குள் மறைமுக அமைப்பு இயங்குவதாகக் குற்றஞ்சாட்டி அவர் அதனை முடக்கினார். 1998 பிப்ரவரியில் அவர் பதவி விலகியபின் தடை நீங்கியது.

அடுத்து வந்த அரசுகளில் கட்சி பங்கேற்றதுண்டு. எனினும், 2009-இல் துருக்கியுடன் உறவு காணும் முயற்சியை எதிர்த்துக் கூட்டணியைத் துறந்தது. மீண்டும் 2016-இல் ஆட்சியில் இணைந்து, 2018-ஆம் ஆண்டு மக்கள் எழுச்சியின்போது விலகியது. அவ்வாண்டுத் தேர்தலில் நூற்றுக்கு ஐந்து வாக்கு என்னும் வரம்பை எட்டாமல் நாடாளுமன்றத்தையே இழந்தது. 2020-ஆம் ஆண்டு காராபாக் போர்த் தோல்விக்குப் பின், 2021 தேர்தலில் முன்னாள் தலைவர் கோச்சரியானோடு அணி சேர்ந்தது. அவ்வணி 107 இடங்களில் 29 பெற்று முதன்மை எதிரணியாயிற்று. 2023 செப்டம்பரில் காராபாக்கின் ஆர்மேனியர் நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறியபோது பழைய வழக்கு மீண்டும் மன்றேறியது.

விடுதலையும் ஒருமைப்பாடும் கொண்ட ஆர்மீனியா, இனப்படுகொலைக்கு உலக ஒப்புதல், குடியாட்சிவழிச் சமதருமம், நாடாளுமன்ற ஆட்சிமுறை, புலம்பெயர்ந்தோரைத் தாயகத்தோடு பிணைத்தல் ஆகியவை கட்சியின் நிலையான கொள்கைகள். இவற்றுள் முதல் இரண்டுமே ஆட்சியாளரோடு அதனை மோத வைப்பவை.

உரிமையை நினைவூட்ட ஒரு குரல் வேண்டும். அது அடங்கினால் இனம் தன்னையே மறக்கும். அக்குரல் கேட்கும் ஒவ்வொன்றுக்கும் எல்லைச் சிற்றூர் மக்கள் தரவேண்டிய விலையைக் கணக்கிட மற்றொரு குரலும் வேண்டும். கஜஸ்னூனியை மறுத்த கட்சி பள்ளிகளைக் கட்டி மொழியை வாழ வைத்தது. ஆகவே, செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற அவர் முடிபு பிழையாயிற்று. வலிமையறிந்து கோரிக்கை வைக்கவேண்டும் என்ற அவர் எச்சரிக்கையோ பிழையாகவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்கும் அரசியலை ஆர்மீனியா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.