கடலுக்குள் ஒரு புல்வெளி

குளச்சல் என்றதும் சரித்திரம் படித்தவர்களுக்கு 1741-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதி நினைவுக்கு வரும். மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை முறியடித்த நாள் அல்லவா? அந்த வெற்றித் தூணைப் பார்த்துவிட்டுக் கடலோரம் நின்றபோது, வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம், “இந்தக் கடலுக்குள்ளே புல் முளைக்குமா?” என்று கேட்டேன்.

“பாறையிலே பாசி உண்டு. புல்லு நிக்கணும்னா அலை அடங்கணும்லா!” என்றார் அவர்.

அந்த ஒரு பேச்சில் ஒரு சாஸ்திரமே இருந்தது. பாசிக்கு மெய்யான வேர் கிடையாது. பாறையைப் பற்றிக்கொண்டு பிழைத்துவிடும். கடற்புல்லோ வேர்விட்டுப் பூத்துக் காய்க்கும் தாவரம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தை விட்டுக் கடலுக்குத் திரும்பிய குடும்பம் அது. அதற்கு மணலோ சேறோ வேண்டும். ஆழமில்லாத, அடங்கிய நீர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக வெளிச்சம் வேண்டும். குமரிமுனையைச் சுற்றி வடகிழக்கே போனால், மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் இவை யாவும் கிடைக்கின்றன. பத்துக்கு மேற்பட்ட இனங்கள் அங்கே பரந்து வளர்கின்றன.

நீருக்குள் வெளிச்சத்தை எப்படி மதிப்பிடுவது? 1865-இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கினார். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழமே நீரின் தெளிவுக்கு அளவு. அந்தத் தட்டு இன்னும் ஓய்வு பெறவில்லை. ஆராய்ச்சியாளர்கள் கடலடியில் கயிறு நீட்டி, அதன் ஓரமாகச் சதுரச் சட்டம் வைத்து, அதற்குள் எத்தனை வகைப் புல், எவ்வளவு இடத்தை மூடியிருக்கிறது என்று கணக்கெடுக்கிறார்கள். நீரின் உப்பையும் வெப்பத்தையும் கூடவே குறித்துக்கொள்கிறார்கள். 1970-இல் உலகத்துக் கடற்புற்களை ஒரே நூலில் தொகுத்துத் தந்தவர் டென் ஹார்டாக். அவர் டச்சுக்காரர் என்பது ஒரு வேடிக்கை!

இவ்வளவு கணக்கும் எதற்கு? நம் மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு இந்தப் புல்லைத் தின்றுதான் உயிர் வாழ்கிறது. அதற்காக 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் அதுவே முதலாவது.

ஆனால் எல்லை போட்டுவிட்டால் போதுமா? இழுவை வலை அடிமண்ணைக் கிளறினாலும், கரையிலிருந்து வரும் சேறு நீரைக் கலக்கினாலும், வெளிச்சமின்றிப் புல் மடியும். வயல் காய்ந்தால் ஊரே பார்க்கும். கடலடியில் புல் மாய்ந்தால், ஆண்டுதோறும் கயிறும் சட்டமும் கொண்டு போய் எண்ணியவனுக்குத்தான் தெரியும். குளச்சல் போருக்குச் சாட்சியாகக் கல்தூண் நிற்கிறது. இந்தப் புல்லின் சரித்திரத்துக்கு அந்தக் கணக்கு நோட்டுத்தான் சாட்சி.