நரம்பியல் பிசியோதெரபி ரெசிடென்சி (அமெரிக்கா)

பக்கவாதம், தண்டுவடக் காயம், பார்க்கின்சன் நோய், மூளைக்காயம், உள்காதுக் கோளாறால் வரும் தலைசுற்றல் ஆகியவற்றுக்குச் சிகிச்சை அளிப்பதில் தேர்ச்சி பெற, அமெரிக்காவில் உரிமம் பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் பட்டப்படிப்புக்குப் பின் மேற்கொள்ளும் மருத்துவமனைப் பயிற்சி. பெரும்பாலும் ஓராண்டு நடக்கும். மருத்துவர்களுக்கு ரெசிடென்சி கட்டாயம்; இவர்களுக்கு அப்படியில்லை. பயிற்சிக் காலத்தில் பெரும்பாலும் முழுச் சம்பளத்தை எதிர்பார்க்க முடியாது என்பதால், கல்விக்கடன் சுமையோடு வெளிவரும் பலர் இந்தப் பக்கம் வருவதில்லை.

பிசியோதெரபியில் சிறப்புத் துறைகளுக்குச் சான்றளிக்கும் ஏற்பாட்டை அமெரிக்க பிசியோதெரபி சங்கம் 1978-இல் தொடங்கியது. 1985-இல் இதயம், நுரையீரல் துறையில் முதல் நிபுணர்கள் சான்று பெற்றார்கள். நரம்பியலுக்கு அந்த வாய்ப்பு 1987-இல் வந்தது. சான்றுக்கான தேர்வை எழுத இரு வழிகள் உண்டு. ஒன்று, அந்தத் துறை நோயாளிகளுக்கு 2,000 மணி நேரம் நேரடியாகச் சிகிச்சை அளித்திருக்க வேண்டும். மற்றது, அங்கீகாரம் பெற்ற ரெசிடென்சியை முடித்திருக்க வேண்டும்.

அங்கீகாரத்துக்கான குறைந்தபட்ச அளவுகள் வெளிப்படையானவை: நோயாளிகளோடு 1,500 மணி நேரம், பாடமாக 300 மணி நேரம், அனுபவசாலி ஒருவரின் நேரடி வழிகாட்டலில் 150 மணி நேரம். பயிற்சியின் உயிர் இந்தக் கடைசி எண்ணில்தான் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பத்து வருடம் தவறான பழக்கத்தோடு வேலை பார்த்தாலும் யாரும் பக்கத்தில் நின்று பார்ப்பதில்லை. வழிகாட்டல் நேரத்தில் ரெசிடென்ட் நோயாளியை நடக்க வைக்கும்போதோ வழிகாட்டி அருகிலேயே நிற்பார். இடது கால் ஏன் இழுக்கிறது, முழங்கால் ஏன் பின்னால் மடங்குகிறது, இந்தப் பயிற்சியை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று கேள்விகள் வரும்.

அப்படி நடையைக் கூர்ந்து பார்க்கும் முறைக்கு ஒரு வேர் கலிபோர்னியாவில் இருக்கிறது. பிசியோதெரபிஸ்டாகத் தொடங்கி எலும்பு அறுவை மருத்துவரான ஜாக்குலின் பெர்ரி (1918–2013), டவுனி நகரின் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனையில் போலியோ நோயாளிகளோடு வேலை செய்தவர். அவரும் அங்கிருந்த பிசியோதெரபிஸ்டுகளும் ஒரு நடைச் சுழற்சியை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து ஆராயும் முறையை வகுத்தார்கள்.

கற்றதை மாற்றிக்கொள்ளவும் பயிற்சி வேண்டியிருக்கிறது. பக்கவாதம் வந்தவரைக் கச்சையில் தொங்கவிட்டு, கால்கள் தாங்கும் எடையைக் குறைத்து டிரெட்மில்லில் நடத்துவது ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கையாக இருந்தது. 2020-இல் அமெரிக்க நரம்பியல் பிசியோதெரபி அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல், பாதிப்பு ஏற்பட்டு ஆறு மாதத்துக்கு மேலாகி, நடக்கக்கூடிய நிலையில் இருப்பவர்களுக்கு நடை வேகத்தையும் தூரத்தையும் கூட்ட அதைச் செய்ய வேண்டாம் என்றது. ரோபோ உதவியோடு நடத்துவதற்கும் அதே தீர்ப்பு. இதயத் துடிப்பு நன்றாக உயரும்படி தீவிரமாக நடக்க வைப்பதையே அது பரிந்துரைத்தது. விலையுயர்ந்த கருவிகளை வாங்கி வைத்திருந்தவர்களுக்கு இது இனிக்கும் செய்தியல்ல.

தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமானது இரண்டாண்டு எம்.பி.டி. (பிசியோதெரபி முதுநிலை) நரம்பியல் படிப்பு. ஆனால் அது ஆய்வேட்டோடு கூடிய பல்கலைக்கழகப் பட்டம். ரெசிடென்சி முடித்தவருக்குப் பட்டம் எதுவும் சேர்வதில்லை, நிறைவுச் சான்றும் தேர்வெழுதும் தகுதியும்தான்.

தேர்வில் பெறும் நிபுணர் சான்று பத்தாண்டுச் சுழற்சி கொண்டது. தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும். இந்தச் சான்று இல்லாத பிசியோதெரபிஸ்டும் பக்கவாத நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கலாம். அதற்கு மாநில உரிமம் போதும்.