நம்பிக்கையும் புனைவும்: தமிழில் கிறித்தவக் கதையிலக்கியம்

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை கேட்கப்பட்டபோது, நெடுநாளாக மனத்தை உறுத்திக்கொண்டிருந்த ஒன்றையே எழுதத் துணிந்தேன். நாவல் எழுதுபவன், நூல் சேர்ப்பதில் தீராத ஆசை கொண்டவன் என்று என்னை அன்பர்கள் அறிவர். ஆயினும் என் அலமாரியில் ஒரு வரிசையை நான் பல்லாண்டுகள் தொடாமலே வைத்திருந்தேன். கிறித்தவ வாழ்வையும் நம்பிக்கையையும் பொருளாகக் கொண்ட கதைநூல்களின் வரிசை அது. "பிரசாரம்தானே" என்னும் ஒரு சொல்லால் அவற்றை ஒதுக்கிவிட்டேன். அச்சொல் எவ்வளவு நியாயமானது, எவ்வளவு அநியாயமானது என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் உரைநடைக் கதையின் தொடக்கத்தைத் தேடிச் செல்வோர் வீரமாமுனிவரைக் (1680-1747) கடந்து செல்ல இயலாது. 'தேம்பாவணி' பாடிய அதே கை 'பரமார்த்த குருவின் கதை'யையும் எழுதியது. உறங்கும் ஆற்றைக் கண்டு அஞ்சுதல், தன்னை விட்டுவிட்டுப் பிறரை எண்ணுதல், பூசணிக்காயைக் குதிரை முட்டையென வாங்குதல் ஆகிய நிகழ்ச்சிகளை, ஆசிரியர் பெயர் அறியாமலேயே நம் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தனர். 1822இல் இந்நூல் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அச்சேறியது. சமயம் பரப்ப வந்த ஒருவர் எழுதிய இக்கதையில் சமய போதனை மேலோங்கவில்லை. சிரிப்பே மேலோங்கி நிற்கிறது. அதனாலேயே அது எல்லார்க்கும் உரியதாயிற்று.

இரண்டாவது தடம் வேறானது. ஆங்கிலேயராகிய ஜான் பனியன், அனுமதியின்றிப் பிரசங்கம் செய்த குற்றத்திற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்தவர். 1678இல் வெளிவந்த அவருடைய மோட்சப் பயணக் கதை உருவகமாயினும், அதில் நடமாடும் மாந்தர் பெட்ஃபோர்டு வட்டாரத்துச் சந்தையிலும் சாலையிலும் அவர் கண்ட மாந்தரே. ஆங்கில நாவலின் முன்னோடிகளுள் ஒன்றாக அதனைத் திறனாய்வாளர் கொள்வது இதுபற்றியே. அக்கதையைத் தழுவி எச்.ஏ. கிருட்டிணபிள்ளை (1827-1900) 'இரட்சணிய யாத்திரிக'த்தை 1894இல் வெளியிட்டார். வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர் அவர். எளிய உரைநடையில் இருந்த கதை, தமிழில் விருத்தங்களால் ஆன காப்பியமாயிற்று. புதிய நம்பிக்கையை ஏற்றவர் பழைய யாப்பைக் கைவிடவில்லை என்பது நம் கவிஞர்கள் சிந்திக்கத்தக்கது.

இக்காப்பியத்துக்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே, 1879இல், மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்துவிட்டது. முதல் தமிழ் நாவல் எனப் போற்றப்படும் அதன் ஆசிரியர் கத்தோலிக்கர். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். ஆனால் கதைத்தலைவன் இந்துக் குடும்பத்தினன். மதமாற்றம் கதையின் பொருளன்று. கல்வி, பெண்ணின் அறிவு, நேர்மை ஆகியனவே பொருள். ஆண்வேடம் பூண்டு நாடாளும் ஞானாம்பாள் இன்றும் வியப்பளிக்கிறாள். எனினும் கிளைக்கதைகளும் நீதியுரைகளும் மிகுந்து கதையின் ஓட்டம் அடிக்கடி தடைப்படுகிறது. நல்லவர் வெல்வர் என்பது முதலிலேயே முடிவாகிவிடுவதால் நம் நெஞ்சு பதறுவதில்லை.

இவ்விடத்தில் என் குறையையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் நாவலில் குடிகாரத் தந்தை ஒருவனைக் கடைசி அத்தியாயத்தில் கோயில் வாசலில் அழவைத்துத் திருத்தியிருந்தேன். படித்த மூத்த கவிஞர் ஒருவர், "அவன் திருந்தவில்லை ஐயா, நீர்தாம் அவனைத் திருத்திவிட்டீர்" என்றார். பிறர் நூல்களில் நான் வெறுத்த அதே குற்றம்! அது ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரிய நோயன்று. முடிவை முன்னரே தீர்மானித்துக்கொண்டு பேனா எடுக்கும் எவருக்கும் வருவது.

அந்நோய்க்கு மருந்தாக எனக்கு வாய்த்தது ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964). தென்குமரி நாட்டுப் பனைவிளைகளின் நடுவே, நொடித்துப்போன ஒரு கிறித்தவக் குடும்பத்தின் கதை அது. பருவமடைந்ததும் பள்ளிப் படிப்பு நின்று வீட்டுக்குள் அடைபடும் லிஸி, பனையேறும் குடும்பத்துத் தங்கராஜை விரும்புகிறாள். இருவருக்கும் வேதம் ஒன்றே. இருந்தும் பனையேறுபவனுக்கும் விளைக்குச் சொந்தக்காரனுக்கும் இடையிலுள்ள தூரம் குறையவில்லை. ஜெபமும் கோயிலும் இங்கே அறிவுரையாக வருவதில்லை. அடுப்பும் அக்கானியும் போல அன்றாட வாழ்வாக வருகின்றன. ஆசிரியர் எவரையும் திருத்த முற்படவில்லை. அதனாலேயே லிஸியின் பொறுமை நம்மைக் கலக்குகிறது.

பின்வந்தோர் இன்னும் துணிந்து சென்றனர். 1992இல் வெளியான பாமாவின் 'கருக்கு', துறவற மடத்துக்குள்ளும் சாதி புகுந்திருப்பதை உள்ளேயிருந்து கண்டவரின் குரல். ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004), 'கொற்கை' (2009) ஆகியவை பரதவரின் கடல் வாழ்வைப் பெருவிரிவாகத் தீட்டின. பின்னது 2013ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்றது. இப்படைப்புகளில் திருச்சபை புகழப்படவும் இல்லை. வெறுமனே பழிக்கப்படவும் இல்லை. அது கேள்விக்கு உள்ளாகிறது. நம்பிக்கையை நேசித்தவர்களே அதன் பெயரால் நடந்ததைக் கேட்கின்றனர்.

ஆகவே இந்நூல்களைப் படிக்கும் முறை குறித்து ஒன்று சொல்லலாம். "ஆசிரியர் எம்மதம்?" என்று கேட்பதை விடுத்து, "இம்மாந்தருக்குத் தவறும் உரிமை கொடுக்கப்பட்டிருக்கிறதா?" என்று கேட்போம். அவ்வுரிமை உள்ள நூலில் நம்பிக்கை ஒரு மனிதனின் பாரமாக, ஆறுதலாக, போராட்டமாக உயிர்பெறுகிறது. நம்பாதவனும் அதனைத் தன் துயரமாக உணர்கிறான். அவ்வுரிமை இல்லாத நூலில் வேத வசனமும் அட்டைப் பூவாகிறது. சைவ, வைணவ, இசுலாமியப் புனைவுக்கும், கொள்கை சார்ந்த கட்சிப் புனைவுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும்.

பக்தி இலக்கியத்தைச் சமயம் கடந்து சுவைக்கக் கற்றவர்கள் நாம். திருவாசகத்தில் உருகக் கிறித்தவராகிய ஜி.யு. போப்புக்குத் தடையிருக்கவில்லை, 1900இல் அதனை ஆங்கிலத்தில் தந்தார். அந்தத் தாராளத்தை உரைநடைப் புனைவுக்கும் நாம் நீட்டவேண்டும். அடுத்த பத்தாண்டில் நம் மாதக் கூட்டங்களுள் ஒன்றையேனும் 'புத்தம் வீட்டு'க்கு ஒதுக்கலாம் என்பது என் வேண்டுகோள். அன்று என் முதல் நாவலையும் எடுத்துவருகிறேன். கடைசி அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.