துப்பாக்கிகளில் கொம்பு வேலைப்பாடு

முகவாய் வழியாக மருந்தும் குண்டும் திணிக்கும் பழைய வேட்டைத் துப்பாக்கிகளைக் கொம்பால் அணிசெய்யும் கைவினை, 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளில் செழித்தது. மான்கொம்பு, மாட்டுக்கொம்பு இரண்டுமே பயன்பட்டன. ஆனால் இரண்டின் கதையும் வேறு. மான்கொம்பு உண்மையில் எலும்பு. சூட்டுக்கு இளகாது. அதைத் தகடாக அறுத்துத் துப்பாக்கியின் மரக்கட்டையில் பதித்து, மேலே சித்திரம் கீறி, கீறலில் கறுப்பு மை ஏற்றுவார்கள். மாட்டுக்கொம்போ நகம் போன்றது; சூடேற்றினால் வளையும், அழுத்தினால் அச்சில் அடங்கும்.

மான்கொம்பு அரண்மனைப் பக்கம் போனது. சக்கரம் சுழன்று தீப்பொறி எழுப்பும் சக்கரப்பொறித் துப்பாக்கிகளின் கட்டைகளில் வேட்டைநாய்களும் கொடிகளும் புராண உருவங்களும் இடைவெளியின்றிப் பதிக்கப்பட்டன. மியூனிக்கின் ஹிரோனிமஸ் போர்ஸ்டோர்ஃபர் இதில் பெயர்பெற்றவர். கட்டை செய்தவர்கள் பெரும்பாலும் சொந்தக் கற்பனையை நம்பவில்லை. யோஸ்ட் அம்மான் போன்றோரின் அச்சுச் சித்திரங்களைப் பார்த்தே கீறினார்கள். சிலீசியாவின் தெஷென் வட்டாரத்தில் உருவான ‘சிங்கெ’ என்ற இலேசான பறவைவேட்டைத் துப்பாக்கியிலும் இதே வேலைப்பாடு உண்டு.

18ஆம் நூற்றாண்டில் காட்டுக் காவலரும் வேட்டைக்காரரும் தூக்கித் திரிந்த ‘யேகர்’ துப்பாக்கியில் மாட்டுக்கொம்பு முதலில் வேலைக்காகத்தான் வந்தது. குழலின் வாய்க்குக் கீழே மரம் பிளக்காமலிருக்க ஒரு கொம்புப் பூண், திணிகோலின் நுனிக்கு ஒரு கொம்பு மூடி, சிலவற்றில் விசையைச் சுற்றிய காப்பும் கொம்பு. துருப் பிடிக்காது, குளிரில் விரலைச் சுடாது. வழவழப்பாகச் சுரண்டி மெருகேற்றிய கறுப்புக் கொம்பு வால்நட் மரத்தோடு சேரும் அழகு, பதிப்பு வேலையின் ஆடம்பரத்தைவிட மேலானது என்றே சொல்ல வேண்டும்.

பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் யேகரின் குழலை நீட்டி அமெரிக்க நீள் துப்பாக்கியை உருவாக்கினார்கள். அங்கே பூணையும் காப்பையும் பித்தளை பிடித்துக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளீயக் கலவையை உருக்கி வார்த்த பூண்களும் வந்தன. கொம்பில் காட்டிய கைத்திறன் துப்பாக்கியை விட்டுத் தோளில் தொங்கிய, வெடிமருந்து வைக்கும் மருந்துக் கொம்புக்கு மாறியது. மாசசூசெட்ஸைச் சேர்ந்த கறுப்பினப் படைவீரர் ஜான் புஷ், 1755இல் லேக் ஜார்ஜ் பாசறையில் மருந்துக் கொம்புகளில் செதுக்கிய எழுத்துகளும் கொடிகளும் பின்வந்த செதுக்குநர்களுக்கு முன்மாதிரியாயின. தோட்டாவும் உலோகக் குடுவையும் பரவியதும் மருந்துக் கொம்பின் தேவையும் போயிற்று.

1933இல் அமெரிக்காவில் தொடங்கிய தேசிய முகவாய்த் துப்பாக்கிச் சங்கமும், 1996இல் அமைந்த தற்கால நீள் துப்பாக்கிச் சங்கமும் இக்கலைக்கு மீண்டும் ஆட்களைச் சேர்த்தன. இன்றைய கைவினைஞர்கள் பூணுக்கு நாடுவது பெரும்பாலும் நீரெருமைக் கொம்பு. பழைய யேகர்களின் கொம்பு பலவற்றில் வெடித்தும் பூச்சி அரித்தும் போய்விட்டது. உழைப்பாளித் துப்பாக்கியின் கொம்பை விட, பெட்டியில் பத்திரமாக வைத்த பிரபுக்களின் மான்கொம்பே நன்றாகத் தப்பியிருக்கிறது.