மிதித்த பாதங்கள்

உயிரைக் கொடுத்தவர்களையே உறுதி படைத்தவர்கள் என்று சரித்திரம் கொண்டாடுகிறது. உயிரைக் காப்பாற்றிக்கொண்டவர்களை என்ன சொல்வது?

ஜப்பானில் 1614-ல் கிறிஸ்தவ மதம் தடை செய்யப்பட்டது. நாகசாகிப் பக்கத்து ஜனங்கள் வருஷந்தோறும் அதிகாரிகள் முன்னிலையில் ஏசுநாதர் அல்லது மாதா உருவத்தைக் காலால் மிதித்துக் காட்ட வேண்டியிருந்தது. மிதித்தார்கள், வீடு திரும்பி மன்னிப்புக் கேட்டு ஜபம் செய்தார்கள். குருமார் இல்லை. பெரியவர்கள் ரகசியமாய்ச் சொல்லச் சிறியவர்கள் கற்றார்கள். இப்படி இருநூறு வருஷத்துக்கு மேல்!

1865-ல் அந்நியர்களுக்காகக் கட்டிய கோயிலுக்குள் சில கிராமவாசிகள் நுழைந்தார்கள். ஒரு பெண், பெத்திஜான் பாதிரியாரிடம் தங்கள் மனமும் அவர் மனமும் ஒன்றே என்று சொல்லி, மாதா சொரூபம் எங்கே என்று கேட்டாள்.

விஷயம் வெளிப்பட்டது. உராகாமி கிராமத்தார் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். சித்திரவதையில் சிலர் தளர்ந்தார்கள், பலர் தளரவில்லை, நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். 1873-ல் தடை நீங்கியது.

தளராமல் நின்றவர்கள் யார்? மிதித்த பாதங்களின் சந்ததிதான். அந்த முன்னோர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.