யார் தொழிலாளி? நெய்வேலியை முன்வைத்து ஒரு குறிப்பு

கோயில், கல்வெட்டு என்று எழுதிக்கொண்டிருந்த திருவதிகைக்காரன் ஏன் திடீர்னு தொழிற்சாலைச் சட்டத்துக்கு வந்தான் என்று கேட்பீர்கள். காரணம் 2020. எங்க ஊர்ப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. அந்த வருஷம் மே 7, ஜூலை 1 என்று இரண்டு முறை, இரண்டாவது அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து நடந்தது. ஜூலையில் அன்றைக்கே 6 பேர் இறந்தார்கள். ஆறு பேருமே ஒப்பந்தத் தொழிலாளர்கள். தீக்காயத்தோடு சென்னைக்குக் கொண்டுபோனவர்களில் பலரும் பிழைக்கவில்லை.

செய்திகளில் 'நிரந்தரம்', 'ஒப்பந்தம்' என்று பிரித்துப் பிரித்துப் படித்தபோது ஒரு கேள்வி வந்தது. பாதுகாப்பு விஷயத்தில் சட்டம் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறதா?

பார்க்கவில்லை. அன்று நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டம், இடையில் ஒருவர் மூலமாக வேலைக்கு வந்தவரையும் 'தொழிலாளி' என்றுதான் சொன்னது. அதில் யாரும் சந்து கண்டுபிடிக்கக் கூடாது என்று, 1976 திருத்தத்தில் ஒப்பந்ததாரர் மூலம் வருபவரும் அடக்கம், முதன்மை முதலாளிக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் சரி என்று தெளிவாகச் சேர்த்தார்கள். எங்க துறையில் சொன்னால், இது ஒரு 'பேட்ச்'.

அடுத்த பேட்ச் போபாலுக்குப் பிறகு. 1984 டிசம்பரில் யூனியன் கார்பைடு ஆலையில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 1987 திருத்தத்தில், எல்லாத் தொழிலாளரின் பாதுகாப்பும் ஆலையின் பொறுப்பாளரின் கடமை என்று எழுதினார்கள். அபாயகரமான தொழில்களுக்குத் தனி அத்தியாயமே வந்தது. அந்தப் பட்டியலில் மின் உற்பத்தியும் உண்டு.

அந்த அத்தியாயத்தில் என்னை நிறுத்திய பிரிவு 41-எச். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிலாளிக்கு நியாயமான அச்சம் வந்தால், அதை நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் சொல்லலாம். நிர்வாகம் உண்மையிலேயே ஆபத்து என்று கண்டால் உடனே சரிசெய்ய வேண்டும். இல்லையென்று நினைத்தால் விஷயத்தை ஆய்வாளருக்கு அனுப்ப வேண்டும், முடிவு அவருடையது.

படிக்க நல்லாத்தான் இருக்கு. பழுப்பு நிலக்கரி தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. கொதிகலன் பக்கம் வேலை செய்கிறவருக்குத்தான் வெப்பமும் புகையும் முதலில் தெரியும். ஆனால் நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்பது ஒப்பந்ததாரர் கையில் இருக்கும்போது, "அண்ணே, இன்னிக்கு இங்க வேலை செய்ய முடியாது" என்று எத்தனை பேரால் சொல்ல முடியும்? உரிமை சமம்தான். அதைப் பயன்படுத்த ஆகும் செலவு சமமில்லை.

சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்கள், 2022-23 முதல் விபத்து, மரணம், பெண்களின் பங்கு எல்லாவற்றையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது செபியின் விதி. நல்ல விஷயம். எத்தனை பேர் இறந்தார்கள் என்று அதில் பார்க்கலாம். நான் பார்க்க ஆசைப்படுவது இன்னொரு எண்: எத்தனை ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஆபத்து என்று சொன்னார்கள், சொன்ன பிறகும் அவர்களில் எத்தனை பேருக்கு வேலை இருந்தது?