எரவாடாவின் இரண்டு வரலாறுகள்: உடற்பயிற்சியும் மாற்று அடிமைத்தனமும்

புனேயின் எரவாடாப் பகுதியில் உள்ள டெக்கான் கல்லூரியில் 1873ஆம் ஆண்டு சேர்ந்த பால கங்காதர திலகர், முதலாண்டைப் பாடநூல்களுக்கு ஒதுக்கவில்லை, உடலுக்கு ஒதுக்கினார். மெலிந்த உடலை வலுவாக்க வேண்டும் என்ற முனைப்பில் மல்யுத்தத்திலும் நீச்சலிலும் நாள்களைச் செலவிட்டார். அவ்வாண்டுத் தேர்வில் தோற்றார். பின்னர் படிப்புக்குத் திரும்பிக் கணிதத்தில் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். அவருடைய வாழ்க்கை வரலாறுகள் இந்நிகழ்வை மனவுறுதியின் சான்றாகவே சொல்லி வந்துள்ளன. பேட்டைதோறும் தாலிம் எனப்படும் மல்லர் பயிற்சிக்கூடங்களைக் கொண்டிருந்த நகரம் அதை வேறுவிதமாகப் படித்திருக்க இயலாது. உடற்பயிற்சி அங்கு நெடுங்காலமாக ஓர் அறம்.

அதே எரவாடாவில் 1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று மற்றொரு வரலாறு தொடங்கியது. எண்பதுகளில் பிரவுன் சுகர் என்ற மலிவான ஹெராயின் இந்திய நகரங்களின் இளைஞர்களிடையே பரவியபோது, மராத்தி எழுத்தாளரும் மருத்துவருமான அனில் அவச்சட் அதைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். அவருடைய மனைவி அனிதா அவச்சட், எரவாடா மனநல மருத்துவமனையில் பணியாற்றிய மனநல மருத்துவர். அக்கட்டுரைகளால் கலங்கிய எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டேயும் அவர் மனைவி சுனிதாவும் நிதியளித்து முன்வர, அம்மருத்துவமனை வளாகத்திலேயே ‘முக்தாங்கண்’ என்ற போதை மீட்பு மையம் பிறந்தது. திறந்த முற்றம் என்பது அப்பெயரின் பொருள். அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1983இல், புனே பன்னாட்டு மாரத்தான் தொடங்கியிருந்தது. ஓட்டத்தைக் கொண்டாடும் வழக்கமும் போதையிலிருந்து மீட்கும் முயற்சியும் ஒரே நகரில், ஏறத்தாழ ஒரே காலத்தில் வேர்விட்டன. போதையை விட்ட ஒருவர் ஓட்டத்தைப் பற்றிக்கொண்டால் அவர் விடுதலை பெற்றவரா, எசமானரை மாற்றிக்கொண்டவரா என்ற வினா இவ்விடத்தில் எழுகிறது.

வினா பழையது. 1884இல் இளம் மருத்துவரான சிக்மண்ட் பிராய்ட், மார்பீனுக்கு அடிமையான தம் நண்பர் பிளைஷ்ல்-மார்க்சோவுக்கு மாற்றாகக் கோகெய்னைப் பரிந்துரைத்தார். நண்பர் இரண்டுக்கும் அடிமையாகி 1891இல் இறந்தார். 1898இல் பேயர் நிறுவனம் ஹெராயினை இருமல் மருந்தாகவும், மார்பீனைவிடப் பாதுகாப்பானதாகவும் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1935இல் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கத்தின் நிறுவனர்களுள் ஒருவரான பில் வில்சன் பல்லாண்டுகள் மதுவைத் தீண்டாமல் வாழ்ந்தார். ஆனால் புகைப்பழக்கம் அவரை விடவில்லை. நுரையீரல் நோயுற்று 1971இல் மறைந்தார். மூன்று நிகழ்வுகளிலும் பொதுவான கூறு ஒன்று உண்டு: புதிய பழக்கத்துக்கு அக்காலச் சமூகம் வழங்கிய நன்மதிப்பு, அதன் ஆபத்தை மறைத்தது.

உடற்பயிற்சிக்குக் கிடைக்கும் நன்மதிப்பு இவை அனைத்தையும் விடப் பெரிது. ஆகவே அதன் மறுபக்கம் தாமதமாகவே, அதுவும் தற்செயலாகவே, ஆய்வாளர் கண்ணில் பட்டது. பயிற்சியை நிறுத்தினால் உறக்கம் எவ்வாறு மாறுகிறது என்று அறிய விரும்பிய அமெரிக்க மனநல மருத்துவர் பிரெடரிக் பேக்லண்ட், நாள்தோறும் பயிற்சி செய்வோரை ஒரு மாதம் அதை நிறுத்தும்படி கேட்டார். பணம் தருவதாகச் சொல்லியும் அவர்கள் இணங்கவில்லை. வாரத்தில் சில நாள்கள் மட்டும் பயிற்சி செய்வோரைக் கொண்டே 1970இல் வெளிவந்த அவ்வாய்வு நடந்தது. அவர்களிடமும் உறக்கக் குலைவும் பதற்றமும் தென்பட்டன. 1976இல் வில்லியம் கிளாசர் ஓட்டத்தையும் தியானத்தையும் ‘நல்ல அடிமைத்தனம்’ என்று போற்றி நூலெழுதினார். மூன்றே ஆண்டுகளில் வில்லியம் மார்கன் மறுத்தார்: காயமுற்ற பின்னும் மருத்துவர் சொல்லைக் கேளாமல், வேலையையும் குடும்பத்தையும் ஒதுக்கிவிட்டு ஓடுவோரை அவர் சுட்டிக்காட்டினார்.

வாதம் இன்னும் முடியவில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு, சூதாட்டத்தை அடிமைநோய்களுள் சேர்த்தது. உடற்பயிற்சியைப் போதிய சான்றில்லை என்று விலக்கியது. ஓர் அடிமைத்தனம் போனால் மற்றொன்று வந்தே தீரும் என்ற நம்பிக்கையும் சான்றுகளின் முன் நிற்கவில்லை. கார்லோஸ் பிளாங்கோவும் உடனாய்வாளரும் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு போதைப்பொருள் பாதிப்பிலிருந்து மீண்டவர்கள் புதிதாக மற்றொன்றில் விழும் வாய்ப்பு, மீளாதவர்களுக்கு இருப்பதில் பாதிக்கும் குறைவு. அவ்வாய்வு போதைப்பொருள்களைப் பற்றியது. ஓட்டத்தைப் பற்றியது அன்று. எனினும் பழக்கமாற்றம் விதியன்று என்பதை அது காட்டுகிறது.

இப்பின்னணியில் முக்தாங்கணின் நடைமுறை கவனத்துக்குரியது. அங்கு யோகமும் உடற்பயிற்சியும் உண்டு. ஆனால் குழு உரையாடல், குடும்ப ஆலோசனை, மனைவியருக்கான துணைக்குழு, வீடு திரும்பிய பின்னான தொடர் கண்காணிப்பு ஆகியவற்றோடு சேர்ந்தே அவை உண்டு. பயிற்சி அங்கு நாளின் ஒரு பகுதி. நாள் முழுவதும் அன்று. அங்குச் சிகிச்சை பெற்ற மும்பை நிழலுலகைச் சேர்ந்த ஒருவர் நெடுந்தொலைவு ஓட்டக்காரராக மாறியதைப் புஜா சாங்கோய்வாலாவின் 2020ஆம் ஆண்டு நூல் விவரிக்கிறது. ஓட்டம் ஒரு மனிதரை மீட்கக்கூடும் என்பதற்கு அது சான்று. அதை மறுப்பது அறியாமை.

ஆயினும் அத்தகைய வெற்றிக்கதைகளின் நிழலில் ஒரு கேள்வி கேட்கப்படாமலே போகிறது. குடித்துவிட்டு வருபவரை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கும் குடும்பம், வீங்கிய முழங்காலோடு விடியற்காலையில் ஓடக் கிளம்புபவரைப் பெருமையோடு வழியனுப்புகிறது. பதக்கம் கேள்வியை அடைத்துவிடுகிறது. போதையால் பல்லாண்டுகள் அல்லலுற்ற குடும்பத்துக்கு இந்நிம்மதி எவ்வளவு அரிது என்பதை எண்ணினால் அவர்களைக் குறைகூற இயலாது. அதனாலேயே அக்கேள்வியைக் கேட்கும் பொறுப்பு மருத்துவரையும் ஆய்வாளரையும் சேர்கிறது.

கேட்க வேண்டியது எத்தனை கிலோமீட்டர் என்பதன்று. காய்ச்சல் நாளில், கால் சுளுக்கிய நாளில், வீட்டில் ஒரு விசேஷ நாளில் அவரால் ஓடாமல் இருக்க முடிகிறதா, இருந்தால் அந்நாள் அவருக்கு எப்படிக் கழிகிறது என்பதே. திலகரின் அந்த ஓராண்டை இவ்வளவுகோலால் மீண்டும் படிக்கலாம். தேர்வையே இழக்கும் அளவுக்கு அவர் பயிற்சியில் மூழ்கினார். ஆனால் அதற்கு ஒரு நோக்கம் இருந்தது, ஒரு முடிவும் இருந்தது. வேண்டியபோது புத்தகத்துக்குத் திரும்ப அவரால் முடிந்தது. அவரது மனவுறுதிக்குச் சான்று பயிற்சிக்கூடத்துக்குச் சென்றதைவிட, அங்கிருந்து திரும்பி வந்ததே.